அறுக்கக் கூடாத நிலைப்படி

அந்த மனையடி சாத்திரக்காரர் எதற்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்வார். மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டாலும் அப்படித்தான். சந்தனம் பூசிய தொந்தி, கையில் முழக்கோல். ஜமீன் காலத்தில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவரைக் கேட்காமல் ஒருவரும் சுவரில் ஆணி அடித்ததில்லை.

கிணறு வெட்டும்போது பாறை சரிந்து என் அண்ணனுக்குக் கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. ஆசாரி சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்து கொடுத்தார். அதில் வாசல்வரை உருண்டு வருவார். ஒரு சாண் உயர நிலைப்படி மறித்துக்கொள்ளும். அதை அறுத்துவிடலாமா என்று அப்பா சாத்திரக்காரரை வரவழைத்துக் கேட்டார்.

அவர் கண்ணை மூடினார். "படிய அறுத்தா லட்சுமி வெளிய போயிருவா."

"இவுக வெளிய போக வேணாமுங்களா? தெனம் தூக்கி எறக்க முடியுதா?" என்று கேட்டார் மதினி.

"உள்ளயே இருக்கட்டும் தாயி. வெயிலுக்கு நல்லதுதான."

அப்பா தலையாட்டிவிட்டார்.

மறுவருஷம் முகூர்த்தம் குறிக்கச் சாத்திரக்காரர் வீட்டுக்குப் போனேன். நிலைப்படி தரையோடு தரையாக அறுக்கப்பட்டிருந்தது. உள்ளே புதுச் சைக்கிள் ஒன்று பட்டுத்துணி போர்த்தி நின்றது.

"படி என்னாச்சுங்க?" என்றேன்.

அன்றைக்கு மட்டும் அவர் கண்ணை மூடவில்லை. "சைக்கிளத் தெனம் தூக்கி எறக்க முடியுதா, தம்பி?"

மதினி சொன்னது அவர் காதில் விழத்தான் செய்திருக்கிறது.