படகுக்கு அடித்த தகரம்

மாமா கட்டிய படகு முதல் நாளே ஓட்டையானது. அம்மாவின் தம்பியான அவர், இடித்த வீட்டுக் கதவுகள் இரண்டைப் பிரித்து, தார் பூசி, ஒரு மாதம் பாடுபட்டு அதைச் செய்திருந்தார். வீராணம் ஏரிக்கரையில் பதித்திருந்த கருங்கல்லில் ஒரே உரசல், அடிப்பலகை பிளந்துவிட்டது. கரையில் துணி துவைத்தவர்கள் சிரித்த சிரிப்பு லால்பேட்டை வரை கேட்டிருக்கும்.

பலகையை மாற்றிவிட்டு மாமா என்னிடம், “அடியில தகரம் அடிச்சிட்டா கல்லு என்னா பண்ணும்?” என்றார்.

தகரம் எங்கள் கொல்லையிலேயே கிடந்தது. அப்பாவுக்கு ஏரி மதகுகளைத் திறந்து மூடும் அரசாங்க வேலை. ஏரிக்கரையில் காற்றில் சாய்ந்த எச்சரிக்கைத் தகர போர்டைத் திரும்ப நடுவதற்காக எடுத்து வைத்திருந்தார். அவருக்குத் தெரியாமல் அதைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். அடிப்பலகையில் ஆணி இறங்கினால் தண்ணீர் ஏறும் என்று, மாமா தகரத்தின் ஓரங்களை மேலே மடக்கிப் பக்கப் பலகைகளில் மட்டும் ஆணி அடித்தார். எழுத்து வெளிப்பக்கம் இருந்தது.

“தண்ணிக்கு அடியில யாரு படிக்கப் போறா?” என்றார்.

மறுநாள் படகு கல்லில் தடதடவென்று இடித்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் கரையில் குதித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. பெரிய ஆபீசர் இறங்கினார். பின்னாலேயே வியர்த்துப்போன அப்பா.

“இங்க இருந்த போர்டு எங்கய்யா?”

அப்பா வாயைத் திறக்குமுன், ஆபீசரைப் பார்த்த மாமா மரியாதைக்காகப் படகில் எழுந்து நின்றார். படகு கவிழ்ந்தது. ‘எச்சரிக்கை! ஆழமான பகுதி. இறங்காதீர்கள்’ என்ற சிவப்பு எழுத்து வெயிலில் பளபளத்தது. பக்கத்தில் மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

அப்பா கையை நீட்டிக் காட்டினார்.

ஆபீசர் வெகுநேரம் சிரித்தார். படகைக் கரைக்கு இழுக்கச் சொல்லி, மடக்கிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “யாருய்யா இத இவ்வளவு நேர்த்தியா அடிச்சது?”

“என் மச்சான் சார். எல்லாம் அவன் ஒருத்தனா செஞ்சது” என்றார் அப்பா, கேட்காததையும் சேர்த்து, கரையில் அன்று சிரித்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றி நட்டாயிற்று. ஆனால் மாமாவை இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று இரண்டு நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். மாமா மட்டும் அந்த இரண்டு நாளும் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.