எட்டாம் வகுப்பு நட்ட கம்பு

சமீபத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் எட்டாம் வகுப்பு பழவேற்காடு ஏரியில் ஒரு சவுக்குக் கம்பை நட்டது. கம்பின் தலையில் சின்னப் பெட்டி. பெட்டியில் சிவப்பு விளக்கு.

2. மறுநாள் விடியலில் ஏழுமலை அண்ணன் வலையோடு அதே இடத்துக்குப் போனார். கம்பைப் பார்த்தார். வலையை நனைக்காமலே வீடு திரும்பினார்.

3. திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுத்தார். "என் பாடு அன்னிக்கி எவனோ கம்பு நட்டுட்டான்."

4. அந்த 'எவனோ', எட்டாம் வகுப்பு என்று தெரிந்தது.

5. கம்புக்கு இடம் காட்டியது வகுப்பின் லீடர் மோனிஷா என்று தெரிந்தது. மோனிஷா, ஏழுமலை அண்ணனின் ஒரே மகள்.

6. "அந்த இன்ஜினியர் அம்மாவையும் கூப்டுங்க" என்றார்கள். அந்த அம்மா நான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சனிக்கிழமைகள் தெரியும். புதியவர்களுக்கு மட்டும்: வாரநாட்களில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்க்கிறேன். சனிக்கிழமை பொன்னேரியிலிருந்து பஸ் ஏறி, தோணிரேவுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து மீட்டர் செய்கிறேன். சம்பளம் கிடையாது. மதியம் மீன் குழம்பு உண்டு.

இந்த வருடம் அந்தப் பள்ளிக்குச் சென்னையிலிருந்து ஒரு அறிவியல் பெட்டி வந்தது. பருவநிலை, மின்சாரம், சூழலியல் — மூன்றையும் கையால் செய்தே கற்கலாமாம். அட்டையில் பனிக்கரடி படம். உள்ளே ஒரு கையேடு. அதன் முதல் பாடம்: 'மாணவர்களுக்கு அருகிலுள்ள ஒரு நீர்நிலையை அறிமுகம் செய்யுங்கள்.'

ஜன்னலுக்கு வெளியே இருபதடியில் ஏரி. யாரை யாருக்கு அறிமுகம் செய்வது?

"வணக்கம் ஏரி... நான் தினேஷு" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கும்பிட்டான். முதல் பாடம் அத்துடன் முடிந்தது.

இரண்டாம் பாடம்: 'மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் கருவியை நிறுவுங்கள்.' இதை எழுதியவர் ஏரியைப் படத்தில் பார்த்திருக்கலாம்... படம் எடுக்கும்போது எல்லோரையும் நகரச் சொல்லியிருப்பார்கள்.

கருவி எளிமையானது. தண்ணீருக்குள் இரண்டு எஃகுக் குச்சிகள். தண்ணீரில் உப்பு கூடினால் அவற்றுக்கிடையே மின்சாரம் சுலபமாகப் பாயும், குறைந்தால் தடுமாறும். அந்த அளவைக் கம்பிலுள்ள சின்னப் பெட்டி மணிக்கு ஒரு தடவை பள்ளிச் செல்போனுக்கு அனுப்பும். கடல் எப்போது ஏரிக்குள் வருகிறது, முகத்துவாரத்தில் மணல் மூடினால் என்ன ஆகிறது, மழைக்குப் பிறகு உப்பு எவ்வளவு இறங்குகிறது — எல்லாம் ஒரு கோடாக வரும். கோடு ஒழுங்காக வந்தால் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். மோனிஷாவுக்கு அந்தக் கோடு வேண்டும். பெட்டியில் ஒவ்வொரு ஒயரையும் பற்றவைத்தவள் அவள்தான்.

கையேட்டோடு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தது. "இது மொத காத்துக்கே சாஞ்சிடும்க்கா" என்று பிள்ளைகள் அதை ஓரம் வைத்துவிட்டு, வலை கட்டும் சவுக்குக் கம்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. நானே பாராட்டினேன்.

அந்த நல்ல முடிவுதான் எங்களைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

இங்கே ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊர்க்காரர்கள் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. உன் பாடு வந்தால் நீ கம்பு நட்டு வலை கட்டுவாய். கம்பு நின்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இன்னொருவன் நட்ட கம்பைப் பிடுங்குவது, ஊரில் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அதனால்தான் ஏழுமலை அண்ணன் தன் முறையில், தன் இடத்தில், நாலு அடி தள்ளிப் படகை நிறுத்திப் பார்த்துவிட்டு, தொடாமல் வந்துவிட்டார். வெள்ளைக் குழாயாக இருந்திருந்தால் குப்பை என்று தூக்கிப் போட்டிருப்பார்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம்? கடல் தண்ணீர் முதலில் வரும் வாய்க்கால் அது. இறாலும் அதனால்தான் அங்கே வருகிறது. அறிவியலுக்கும் இறாலுக்கும் ஒரே ரசனை.

மறு கூட்டம் செவ்வாய் மாலை, கோயில் எதிரே. ஆண்கள் மணலில். நான், தலைமையாசிரியர், பதினோரு பிள்ளைகள் — எதிர்த் தரப்பு. தலைமையாசிரியர் பொன்னேரிக்காரர்; வந்ததிலிருந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"யார் பாடுல யார் கம்பு நடறது? இன்னாம்மா இது?" என்றார் ஊர்த்தலைவர்.

மோனிஷா எழுந்தாள். "நாங்க வலை கட்டலியே தலைவரே. வலை இல்லாத கம்பு எப்படி பாடு ஆவும்?"

"வலைய ராத்திரி கட்டுவான், காலைல அவுப்பான்" என்றார் ஏழுமலை அண்ணன், மகளைப் பார்க்காமல், தலைவரைப் பார்த்து. "கம்பு நட்டவன் நட்டவன்தான்."

"ஊட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நைனா? எங்க கம்புதான்னு சொல்லியிருப்பேன்."

"நீ நட்டப்போ ஊட்ல கேட்டியா?"

மணலில் சிரிப்பு. சட்டக் கல்லூரியில் கூட இவ்வளவு சீக்கிரம் விவாதம் நடுப்புள்ளிக்கு வராது.

தலைமையாசிரியர் அவசரமாக எழுந்தார். "பிரச்சினையே வேணாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி குட்டை இருக்கு. அங்க நட்டுடறோம். கையேட்டுல 'நீர்நிலை'ன்னுதான் போட்டிருக்கு."

"குட்டைல கடலு எப்போ சார் வந்துச்சு?" என்றாள் மோனிஷா. "எரும வரும், போவும். அத வேணா அளக்கலாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு மாமா குரல் கொடுத்தார். "உப்பு ஏறிச்சா எறங்கிச்சான்னு தெரிய பொட்டி எதுக்கு? நான் நாக்குல வெச்சே சொல்லுவேன்."

"சொல்லு மாமா, எழுதிக்கிறோம். ஆனா நீ சரக்கு அடிக்காத நாளா பாத்து சொல்லணும்" என்றாள் மோனிஷா.

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "அந்தப் பொட்டி சொல்ற கணக்கு யாருக்குமா போவுது? இதுக்கு மின்னாடியும் வந்து அளந்தானுங்கோ. அளந்துட்டுப் போனவன் எவனும் சும்மா போவல."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. அறிவியல் பெட்டியை அனுப்பிய சென்னைக்காரர்களின் கம்ப்யூட்டருக்கும் போகிறது என்று சொன்னேன். உண்மை அதுதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். ஊரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரி என்றாலும், நானும் அளக்க வந்தவள்தானே?

பிறகு ஊர் தன் வழியில் முடிவெடுத்தது. ஒன்று: பெட்டியின் சிம் கார்டு பள்ளிச் செல்போனோடு மட்டும்தான் பேச வேண்டும். (அன்று இரவே மாற்றிவிட்டேன்.) இரண்டு: தினமும் காலை கணக்கைப் பள்ளிக் கரும்பலகையில் எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று: அந்த இடத்தில் யாருக்கெல்லாம் முறை வருகிறதோ, அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால், அவர் நாளில் கம்பு நிற்கக் கூடாது.

தலைவர் பெயர் பெயராகக் கேட்டார். "நிக்கட்டும்." "நிக்கட்டும்பா." "என் வலைல சிக்காம இருந்தா சரி." சரக்கு மாமாவும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

கடைசியாக ஏழுமலை அண்ணன்.

"என் நாள்ல நிக்கக் கூடாது."

"ஏம்பா, உன் பொண்ணு கம்பு..."

"அதனாலதான். பிராது குடுத்தவன் நானு. பொண்ணுன்னதும் உட்டுட்டான்னு நாளைக்கி பேசுவானுங்கோ. அப்புறம் ஆளாளுக்குத் தன் புள்ளையோட கம்புன்னு நடுவான்."

தன் மகளுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்காத அப்பாவை நான் அதிகம் சந்தித்ததில்லை... சந்தித்ததும் எரிச்சல்தான் வந்தது.

மோனிஷா அழவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்று தெரியாது. புதன்கிழமை சாப்பிட்டாளாம், பேசவில்லையாம். வியாழக்கிழமை பேசினாளாம்.

இப்போது கோடு வருகிறது. நன்றாகவே வருகிறது, கடல் ஏறுவதும் இறங்குவதும் பிள்ளைகள் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஏழுமலை அண்ணனின் முறை வரும்போதெல்லாம் கோட்டில் ஒரு ஓட்டை. ஒரு நாள் காலி. பல் விழுந்த வாய் மாதிரி.

"சராசரி போட்டு நிரப்பிடும்மா" என்றார் தலைமையாசிரியர். "கண்காட்சில தொடர்ச்சியா இருக்கணும்னு மார்க் வெச்சிருக்காங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

நான் வேலை செய்யும் இடத்தில் சராசரி போட்டு நிரப்பாத ரிப்போர்ட்டை இதுவரை பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் மோனிஷாவைப் பார்த்தேன்.

"அன்னிக்கி பொட்டி ஏரில இல்லியே சார். ஊட்லதான இருந்துச்சி" என்றாள். பிறகு கண்காட்சிப் படிவத்தை எடுத்து, 'தகவல் விடுபட்டதற்கான காரணம்' என்ற இடத்தில் எழுதினாள்: நைனா.

தலைமையாசிரியர் அழிக்கச் சொன்னார். அவள் யோசித்து, அடைப்புக்குறிக்குள் 'ஏழுமலை, எட்டாம் வகுப்பு லீடரின் தந்தை' என்று விளக்கம் சேர்த்தாள். படிவம் அப்படியே திருவள்ளூர் போயிருக்கிறது.

இன்றைய நிலவரம்: கம்பு ஏரியில் நிற்கிறது. கண்காட்சிக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏழுமலை அண்ணனின் பாடு. வியாழன் மாலை கம்பைப் பிடுங்க வேண்டும், சனி காலை திரும்ப நட வேண்டும். இரண்டுக்கும் மோனிஷாவை ஏற்றிக்கொண்டு போவது அவர் படகுதான்.