வாள் செடியைப் பிடுங்காதீங்க

மீன் விக்கிறவுகளுக்கு மீன் செத்தாத்தான் திட்டு விழும். தண்ணிச்செடி விக்கிற எனக்குச் செடி உசுரோட இருக்கும்போதே விழும். வீட்டுல கண்ணாடித் தொட்டி வச்சு, செடி வாடுதே வாடுதேனு பாத்துப் பாத்து நீங்களும் வாடுற ஆளுன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே கட்சி.

வீடு ஒத்தக்கடையில. மொட்டைமாடியில பிளாஸ்டிக் டப்புல செடி வளக்குறேன். கடை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல. வெளிய ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். உள்ள பச்சை வெளிச்சம், காத்துக்குமிழி அது பாட்டுக்கு மேல போய்க்கிட்டே இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுட்டு அது முன்னால உக்காந்தா, தண்ணிக்குள்ள இருக்கேனா வெளிய இருக்கேனான்னே எனக்குத் தெரியாது.

கீரைக்காரி

காலையில கட்டைப்பை நிறையச் செடியோட பஸ் ஏறுவேன். நீளநீளமா, நுனி கூரா இலை. அதான் வாள் செடின்னு பேரு. கண்டக்டர் ரொம்ப நாளா ஒரு மாதிரி பாத்துக்கிட்டே இருந்தவரு, ஒருநா கேட்டேபுட்டாரு, பொரியலுக்கா கூட்டுக்கானு. திங்கிறதுக்கு இல்லண்ணே, தண்ணிக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்குனு சொன்னேன். யானைமலை பின்னால மறையிற வரைக்கும் யோசிச்சாரு மனுசன்.

"சும்மா பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கா? குடுத்துவச்ச ஆளுகக்கா நீங்கள்லாம்!"

வாளும் வாயும்

செல்வமும் தேன்மொழியும் கல்யாணமான புதுசுல கடைக்கு வந்தாக. செல்வம் டூவீலர் மெக்கானிக். தேன்மொழிக்குப் பொறந்த ஊர் டி. கல்லுப்பட்டி. புதுத் தொட்டிக்கு ஒரு செடி வேணும்னாக. நல்லா வளந்த வாள் செடி ஒண்ணை எடுத்து, குருத்தை மண்ணுக்குள்ள அமுக்காதீங்க, மாடிக் காத்துல வளந்த பழைய இலை தண்ணியில கரைஞ்சுதான் போகும், பயப்படாதீங்க, புது இலை வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ரெண்டு பேரும் தலையத் தலைய ஆட்டுனாக. கேக்கல, நல்லாத் தெரியும். அந்தப் பொண்ணு அவரு சட்டையில ஒட்டியிருந்த கிரீஸையும், அவரு அதோட கொலுசையும் பாத்துக்கிட்டு நின்னாக. செடி பேரைச் சொன்னதும்தான் அந்தப் பொண்ணு முழிச்சுச்சு.

"வீட்டுக்குள்ள வாள் எதுக்குக்கா? இவரு வாய் இருக்கே, அது பத்தாதா?"

கரையுது

ஆனி மாசம் செல்வம் தனியா வந்து நின்னாரு. மூஞ்சி தொங்கிப்போச்சு. தன்னோட அக்கா வீட்டு விசேஷத்துல இவரு பொண்டாட்டி வச்ச ரசத்தை எல்லாரு முன்னாலயும் கேலி பண்ணியிருக்காரு. அன்னையிலருந்து பேச்சு குறைஞ்சுபோச்சாம். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனா திரும்பி வரமாட்டேன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டச் சொல்லுதாம். இந்த நேரம் பாத்துத் தொட்டியில இலை கரையுது. அது கரையத்தான்யா செய்யும், அன்னைக்கே சொன்னேனேனு கத்துனேன். ஆனா அவரு கவலை செடி மேல மட்டும் இல்ல.

"ஒரு செடிய வாழவைக்கத் தெரியல, என்னை எங்க வாழவைக்கப் போறீங்கன்னு கேட்டாளுக்கா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது."

எடம் மாறுன செடி

அடுத்த வாரம் தேன்மொழி தனியா வந்துச்சு. குருத்துல வந்த புது இலையும் அரைகுறையா நின்னு மஞ்சளாகிப்போச்சாம். உர மாத்திரையை வேருக்கிட்ட வைக்கச் சொன்னேனே, வச்சியானு கேட்டேன். வச்சிருக்கு. லைட்டு எரியுது, தண்ணியும் சுத்தம். எனக்குப் பிடிபடல. கொஞ்சம் தோண்டித் துருவிக் கேட்டதும்தான் குட்டு உடைஞ்சுச்சு. செல்வம் செடியத் தொட்டிக்குள்ள வாசல் பக்கமா நட்டு வச்சிருக்காரு, வண்டிய நிறுத்திட்டு வரையிலயே தெரியணுமாம். இந்தப் பொண்ணு அதைப் பிடுங்கி அடுப்படி பக்கமா நட்டிருக்கு, சமைக்கையில பாக்கணுமாம். சாயங்காலம் வந்து அவரு திரும்ப மாத்துவாரு. ஒத்த வார்த்தை பேசாம ரெண்டும் நாள் தவறாம இதையே செஞ்சிருக்குக! வாள் செடி பிடுங்கி நட்டா ரோஷம் காட்டுற செடி. வேர் பிடிக்க விட்டாத்தான இலை விடும்? எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

"நான் ஒண்ணும் பிடுங்கலக்கா. அவரு வச்ச எடத்துல இருந்து எடுத்தேன், அம்புட்டுத்தான்."

நடுவுல

நட்ட நடுவுல வைங்க, எவராச்சும் கை வச்சீங்க, கடைப் பக்கமே வரக் கூடாதுனு ரெண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் பாக்குறதைத் தவிர ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. தொட்டிக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு. தண்ணி வழியாப் பாத்தா அவ மூஞ்சி நெளிஞ்சு நெளிஞ்சு கனவுல வர்ற மாதிரி இருக்குக்கானு செல்வம் சொன்னாரு. எனக்கே என்னமோ போல ஆயிருச்சு. அன்னைக்கு மத்தியானம் என் தொட்டி முன்னால உக்காந்தப்ப, அந்தப் பக்கம் யாரோ உக்காந்திருக்காகன்னே தோணுச்சு.

ஆனாலும் ஆடி பிறந்ததும் தேன்மொழி பையத் தூக்கிக்கிட்டுக் கல்லுப்பட்டிக்குப் போயிருச்சு. செல்வம் கடைக்கு வந்து ஒண்ணும் வாங்காம நின்னுட்டுப் போவாரு. ஆடி பாதியில அந்தப் பொண்ணே எனக்குப் போன் பண்ணுச்சு. புது இலை வந்துருச்சானு அவருகிட்டக் கேளுங்கக்கான்னுச்சு. அடியேய், நான் என்ன தபால்காரியா, நீயே கேளுடின்னேன்.

"கேட்டா... சொல்லுவாராக்கா?"

குட்டி

ஆடி முடிஞ்சு ஒரு நல்ல மழைநாள். மதுரையே தொட்டிக்குள்ள இருக்கிற மாதிரி ஈரமும் பச்சையுமா இருந்துச்சு. ஒரே குடைக்குள்ள ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டு வந்தாக. செல்வம் போன்ல எடுத்த போட்டோவை நீட்டுனாரு. செடி நடுவுல இருந்து ஒரு நீளக் காம்பு கிளம்பி, அதுல வேரும் இலையுமாக் குட்டிச் செடி தொங்குது! நான் கை தட்டிச் சிரிச்சேபுட்டேன். சந்தோசமா இருக்கீங்களாய்யானு கேட்டேன். ரெண்டும் ஒரே நேரத்துல வாயத் தொறந்துச்சுக, தேன்மொழிதான் முந்திக்கிருச்சு.

"எங்கிட்டுக்கா சந்தோசம்? குட்டிய வாசல் பக்கம் வைக்கிறதா அடுப்படி பக்கம் வைக்கிறதானு விடிய விடியச் சண்டை!"

வேர் பிடிக்கிற வரைக்கும் விட்டுவச்சா, சண்டைகூடச் செழிப்பாத்தான் வளருது.