டெல்மிராவின் ரத்தத்தில் இரண்டு குடித்தனம்

இன்று பொலிவியாவின் கோச்சபம்பாவில், ஒரு நோய் ஆய்வகத்தின் பூச்சி அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. பெயர் டெல்மிரா ஒரோஸ்கோ. கேட்ட கதையைச் சூடு ஆறுவதற்குள் சொல்லியே ஆக வேண்டும்.

டெல்மிராவின் வேலை வின்சூக்கா வளர்ப்பது. மண்சுவர் விரிசலிலிருந்து இறங்கி, தூங்குகிறவர் கன்னத்தில் ரத்தம் குடித்து, குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும் மரியாதை கெட்ட பூச்சி அது. சாகாஸ் நோயின் ஒட்டுண்ணி அந்தக் கழிவில்தான் வரும். ஊரே செருப்பைத் தூக்கிக்கொண்டு அதைத் துரத்த, டெல்மிரா மட்டும் புறா ரத்தம் கொடுத்து வளர்ப்பார். பறவை உடம்பில் அந்த ஒட்டுண்ணி பிழைக்காது. அதனால் இவருடைய பூச்சிகள் சுத்தமானவை. நோயாளி வந்தால், பட்டினி போட்ட பூச்சிகளை ஒரு டப்பாவில் அடைத்து, வலை கட்டி, முன்கையில் கவிழ்ப்பார். சில வாரம் கழித்துப் பூச்சியின் குடலைப் பார்த்தால், ரத்தத்தில் ஒளிந்திருந்த ஒட்டுண்ணி அங்கே பெருகியிருக்கும்.

அடுத்த அறை காசிமிரோவுடையது. அவர் அதே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊட்டச்சாறு ஊற்றி வளர்ப்பவர். டெல்மிராவின் மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் இவர் அவரைக் கொம்பாத்ரே என்பார், அவர் இவரைக் கொமாத்ரே என்பார். மரியாதை அந்த விளியோடு முடிந்துவிடும்.

"கொமாத்ரே, உங்க பிள்ளைங்க இன்னிக்கு யாரைக் கடிச்சுதுங்க?"

"உங்களைக் கடிக்கச் சொன்னேன் கொம்பாத்ரே. சாராய வாடை, வேணாம்னுடுச்சுங்க."

ஆய்வகத்தில் எல்லோரும் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெல்மிரா தப்பித்தே வந்தார். ஒரு வருஷம் சாப்பிட்டுவிட்டேன் என்றார், அடுத்த வருஷம் பட்டினி கிடக்கிறேன் என்றார். புதிதாக வந்த தலைவி டாக்டர் ஆன்டெசானா இதையெல்லாம் கேட்கவில்லை. சால்டேன்யா என்ற சாறு ததும்பும் கறிப் பணியாரம் விற்கும் கடை வாசலிலேயே பிடித்து ஊசியைக் குத்திவிட்டார். முடிவில் சாகாஸ் இருந்தது.

இதில் அழ ஒன்றுமில்லை. அய்கிலே ஊர்ப் பக்கத்து மண்வீட்டில், கூரையிலிருந்து வின்சூக்கா மழைபோல விழப் பிறந்தவர் அவர். சின்ன வயதில் வந்தது என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆய்வகத்தில் ஊசி குத்தி வந்தது, அதையும் மறைத்தார் என்றால் பூச்சி அறைச் சாவி போய்விடும். நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். டெல்மிராவுக்கு மனிதர்களைவிடப் பூச்சிகளோடு பேசுவது சுலபம்.

ஆனால் ஊசி குத்தியிருந்தது. போன குளிர்காலத்தில் எலிக்கு ஊசி போடுகிறவர் லீவு. டெல்மிரா போட்டார். எலி துள்ளியது, ஊசி கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில் இறங்கியது. விரலில் கொஞ்சம் சிங்கானிச் சாராயம் ஊற்றினார், மிச்சத்தை வாயில் ஊற்றினார், யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த ஊசியில் இருந்தது ஆய்வகத்திலேயே வளர்க்கும் ஒட்டுண்ணி ரகம். எங்கோ கீழ்க்காட்டிலிருந்து கொண்டுவந்தது. அய்கிலே பக்கம் கிடையவே கிடையாது.

எந்த ரகம் என்று பார்க்க, காசிமிரோ டெல்மிராவின் ரத்தத்தைக் குழாயில் வளர்த்தார். சில வாரத்தில் குழாய் நிறைய நெளிந்தது ஆய்வக ரகம்.

"எலி ஊசியா கொமாத்ரே?" என்றார் மெதுவாக.

"எங்க ஊர்க் கூரையைப் பார்த்திருக்கீங்களா நீங்க? கார்னிவல் வந்தா ராசிக்குன்னு, குழாய் வைக்கிற சூட்டுப் பெட்டி மேல சிச்சா, அந்தச் சோளக் கள்ளைத் தெளிக்கிற ஆளு நீங்க. அந்தக் குழாய்ல எதுதான் வளராது? என் பூச்சிங்களை வெச்சுப் பாருங்க."

"அதுங்க அம்மா சொல்றதைத்தானே சொல்லும்."

தலைவி அதற்கும் வழி செய்தார். பூச்சிகளைத் தானே பொறுக்கினார், டப்பாவுக்கு நாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். டெல்மிரா தன் வளர்ப்புப் பிள்ளைகளுக்கே கையை நீட்டினார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாரங்கள் கழிந்தன. குடலைப் பார்த்தால் அய்கிலே பக்கத்து ஊர் ரகம் மட்டும். ஆய்வக ரகம் பொட்டுக்கூட இல்லை.

டெல்மிரா எல்லோருக்கும் சால்டேன்யா வாங்கினார். காசிமிரோ மட்டும் தொடவில்லை.

"என்ன கொம்பாத்ரே, தோத்ததுக்கு உண்ணாவிரதமா?"

"உங்க ஒடம்புல ஊர்ச் சரக்கு மட்டும்தானாம். அப்ப ஆய்வகச் சரக்கு என் மேஜையிலேர்ந்து குழாய்க்குள்ள விழுந்திருக்கணுமாம். இந்த வருஷத்துக் குழாய் எல்லாத்தையும் கொட்டிட்டு, அறையைப் பூட்டச் சொல்லிட்டாங்க." கைகளை விரித்துக் காட்டினார். "நான் கையக் கழுவிட்டுத்தான் தொட்டேன். உங்களுக்குத் தெரியும்ல?"

டெல்மிராவுக்குத் தெரியும். இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சால்டேன்யாவின் சாறு முழங்கை வரை வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டு வாய் மென்றார். எழுந்து நேராகத் தலைவி அறைக்குப் போய்க் கட்டைவிரலை நீட்டினார்.

"இதுல குத்துச்சு டாக்டர். ஆனா ஊர்லயும் கடிச்சுது. ரெண்டும் நெசம்."

தலைவி திட்டினார். நன்றாகவே திட்டினார், கதவு திறந்தே இருந்ததால் ஆய்வகம் முழுக்கக் கேட்டதாம். பிறகு, வளர்க்காமல் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை நேரடியாகச் சோதித்தார். இரண்டு ரகமும் இருந்தன, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்போல.

"குழாய்ச் சாறு காட்டுக்காரனுக்குப் பிடிச்சிருக்கு, அவன் பெருகி மத்தவனை அமுக்கிட்டான்," என்றார் தலைவி. "பூச்சி வயித்துல ஊர்க்காரன் முந்திட்டான். நாம வளர்த்துப் பார்த்தது ஜெயிச்சவனை மட்டும்தான். தோத்தவனும் உள்ளதான் இருந்திருக்கான். நானும் ஒண்ணைப் பார்த்துட்டு அவசரப்பட்டு அறையைப் பூட்டிட்டேன்."

குழாய் அறை திறந்தது. டெல்மிராவுக்கு ஊசி தொட ஆயுள் தடை. மாத்திரை முடியும்வரை டோக்கன் ஜன்னல். மாத்திரையில் உடம்பெல்லாம் அரிப்பு, சிச்சா கூடாது. அதுவரை பூச்சிகளைப் பார்த்துக்கொள்வது யார்? காசிமிரோதான். அதனால்தான் இன்று வாசலில் அந்தத் திட்டு.

"மெதுவா கொம்பாத்ரே. புறாவைப் பிடிக்கிறீங்களா, பஸ் கம்பியைப் பிடிக்கிறீங்களா?"

"உங்க பிள்ளை என்னைக் கடிச்சிடுச்சு கொமாத்ரே."

"பாவம், அதுக்கு போதை ஏறிடும்."

மண்வீட்டில் பிறந்தவர்களே, அப்படிப் பிறந்த அத்தை மாமா உள்ளவர்களே, ஒருமுறை அந்த ஆய்வகத்துக்குப் போய் வாருங்கள். குழாயும் வையுங்கள், பூச்சியும் வையுங்கள் என்று இரண்டையும் கேளுங்கள். ஜன்னலில் சொறிந்துகொண்டே டோக்கன் கொடுப்பவர்தான் டெல்மிரா. ஒரு சால்டேன்யா கொண்டுபோனால் பூச்சிகளைப் பற்றிப் பேசுவார். போக முடியாதவர்கள், போக வேண்டியவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.