பெயர் தெரியாத அதிகாரியின் வாள்

என்னிடம் மூன்று ஜப்பானிய வாள்கள் இருக்கின்றன. மூன்றும் இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரிகள் இடுப்பில் கட்டியவை. ஒன்று கடலூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இன்னொன்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போய்வந்த புதுச்சேரிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. மூன்றாவது, மலேயா தோட்டத்திலிருந்து பெண்ணாடத்துக்குத் திரும்பிவந்த குடும்பத்துடையது. காவல் நிலையத்தில் சொல்லிவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கடலூர் செம்மண்டலத்தில் பல் மருத்துவமனை நடத்தும் பெண்ணுக்கு வாள் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. பல்லும் வாளும் ஒரே மாதிரிதான் என்பேன். இரண்டிலும் வெளியே தெரிவது பாதி. வேர்ப் பக்கம் பார்த்தால்தான் வயது தெரியும். இந்த வாள்களுக்குப் போடும் எண்ணெயில் கிராம்பு வாசனை வரும். அது எனக்குத் தினமும் பழகிய வாசனை. நிஜ வாளின் விளிம்போரம் ஓடும் அலைக்கோட்டைப் போலி வாள்களில் அமிலம் ஊற்றி வரைந்துவிடுவார்கள். எத்தனையோ பேர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நான் ஏமாந்ததில்லை.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வேர் சிகிச்சைக்கு வந்திருந்தாள். சிதம்பரத்திலிருந்து தினமும் கடலூருக்கு வந்துபோகிறவள். சுவரில் மாட்டியிருந்த வாளின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க வூட்லயும் இந்த மாதிரி ஒன்னு இருக்குது டாக்டர். தாத்தா பர்மாவுல பட்டாளத்து லாரி ஓட்டனாரு. அங்கேந்து கொண்டாந்தது. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வர்றவங்க பாப்பாங்கன்னு அப்பா அத்தப் பட்டறையில குடுத்துப் பாலிஷ் போடப் போறாரு."

நான் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். "உங்கப்பாவுக்கு இப்பவே போன் போடும்மா. ஞாயித்துக்கெழம நான் வர்றேன், அதுவரைக்கும் யாரும் தொட வேணான்னு சொல்லு."

சாணைச் சக்கரத்தில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் அந்த வாளின் ஆயுள் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராகப் பேருந்து ஏறினேன்.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எழுபதை நெருங்கியவர். நல்ல உயரம், வெள்ளை மீசை. பீரோவுக்கு மேலிருந்து வேட்டியில் சுற்றிய வாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"நீங்களே பிரிங்க டாக்டரம்மா. நான் இத உருவனதே கெடையாது."

உறையில் தோல் மேல்மூடி அப்படியே இருந்தது. பிடியில் சுற்றியிருந்த பட்டுக்கயிற்றின் இடுக்கில் திருக்கை மீனின் தோல் தெரிந்தது. அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்து, "ஐய, நம்ம திருக்கை" என்றாள். பிடியின் நுனியில் வெள்ளியில் ஒரு முத்திரை. வட்டத்துக்குள் மூன்று இலைகள். குடும்பச் சின்னம். அப்படி ஒன்றை அதுவரை படங்களில் மட்டுமே பார்த்திருந்தேன்.

உருவினேன். விளிம்போரம் பனி இறங்கியது போல ஒரு கோடு, உயிரோடு நெளிந்தது. அமிலத்தால் அப்படி வரையவே முடியாது. மூங்கில் முளையைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினேன். உள்ளே மறைந்திருந்த இரும்பு கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டு துளைகள், பக்கத்தில் உளியால் வெட்டிய எழுத்துகள். போர்க்காலத் தொழிற்சாலையில் செய்த வாள் இல்லை. சில நூறு வருஷத்து வாளுக்கு ராணுவ உறையும் பிடியும் மாட்டியிருந்தார்கள். நான் கையில் பிடித்தவற்றில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "எங்கப்பா அந்த ஆளக் கொன்னுட்டுத்தான் இத எடுத்தாரான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அப்பா இப்படிக் கேட்பது மகளுக்கும் புதிது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கொன்னாருன்னு ஊரே பேசும். அவரு வாயால சொன்னதே இல்ல. ஆனா வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் கடலுக்குப் போவாரு. தாய் தகப்பனுக்கு எள்ளுந் தண்ணியும் வுட்டுட்டு, கடைசியா பேர் சொல்லாம ஒரு தரம் வுடுவாரு. யாருக்குப்பான்னா, 'வாள்காரருக்கு'ம்பாரு. அவருக்கப்பறம் நான் வுட்டுகினு வர்றேன்."

நான் வாளை மறுபடி பார்த்தேன். இடுப்புக் கொக்கி, குஞ்சம், உறைப் பூட்டு என ஒன்றுகூடக் குறையவில்லை. குஞ்சத்தின் முடிச்சு விதிப்படி போடப்பட்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேங்க. சண்டை முடிஞ்சப்ப ஜப்பான் அதிகாரிங்க வரிசையா நின்னு வாள ஒப்படைச்சாங்க. அதெல்லாம் நம்ம பட்டாளத்துக்காரங்க கைக்கும் வந்துச்சு. விழுந்து கெடக்கறவருகிட்டேந்து எடுத்தது பெரும்பாலும் இப்படி முழுசா இருக்காது. இது ஒருத்தரு தொடச்சு, குஞ்சம் கட்டி, தன் கையால குடுத்த மாதிரி இருக்குது. நூத்துக்கு நூறுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கொன்னு எடுத்ததுக்கு இதுல ஒரு அடையாளமும் இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த வெள்ளி முத்திரை என்ன என்று கேட்டார். குடும்பச் சின்னம் என்றேன். வாள் அந்த அதிகாரியின் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றேன்.

"அப்ப அந்த வூட்ல தேடுவாங்க இல்ல? நீங்கதான் இதெல்லாம் தெரிஞ்சவங்க. அந்த வூட்டக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

வாங்க நினைத்தவளிடம் திருப்பிக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்துவிட்டார். சரி என்றேன்.

பட்டறைக்குப் போகாமல், நான் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்த நிலையிலேயே அது கல்யாணத்தில் காட்சிக்கு இருந்தது. அதற்குள்ளேயே தேடலைத் தொடங்கியிருந்தேன். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் அம்மா ஒருவர் எழுத்துகளைப் படித்துக் கொடுத்தார். அதில் இருந்தது வாளைச் செய்த கொல்லரின் பெயரும் ஊரும் மட்டுமே. அந்த மூன்று இலைச் சின்னத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வைத்திருக்கின்றனவாம். ஜப்பானில் உள்ள சேகரிப்பாளர்களுக்குப் படங்கள் அனுப்பினேன். எல்லோரும் வாளைப் புகழ்ந்தார்கள். உடையவரை யாருக்கும் தெரியவில்லை. அங்கே ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நடத்துநர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆள் தெரியாம எங்க அனுப்பறது? வேணாம். உங்ககிட்டவே இருக்கட்டும். எண்ணெய் போடுங்க, தேடிகினே இருங்க. வந்தா குடுத்துடுங்க."

மகளும் மருமகனுமாகச் சேர்ந்து கொண்டுவந்து செம்மண்டலத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். விலைக்குக் கேட்டிருந்தால் எங்கிருந்தாவது புரட்டிக் கொடுத்திருப்பேன். இப்படிக் கைக்கு வந்ததில் கொஞ்ச நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பிறகு பழகிவிட்டது. என் வாள்களை யாருக்காவது காட்டும்போது மூன்று என்றுதான் சொல்கிறேன். மாதம் இரண்டு மின்னஞ்சலாவது ஜப்பானுக்குப் போகிறது. கண்டுபிடிப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன ஆடி அமாவாசைக்கு அவர் கடலூர் கடற்கரைக்கே வந்திருந்தார். ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு நேராக என் மருத்துவமனைக்கு வந்தார்.

"வாள்காரருக்கும் வுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வுட்டேன். இந்த வருஷம் மனசு லேசா இருந்துச்சு."

வாளை எடுத்துக் கொடுத்தேன். முதல்முறையாக அவரே உருவினார், மிக மெதுவாக. வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டை முனைவரை பார்த்தார். உறைக்குள் போட்டு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அழகாத்தான் இருக்குது" என்றார். பிறகு நோயாளி நாற்காலியைப் பார்த்தார். "வந்ததுதான் வந்தேன், இந்தக் கடைவாய்ப் பல்லையும் கொஞ்சம் பாத்துடுங்க டாக்டரம்மா. ரெண்டு வாரமா ஜாஸ்தி வலி."