மூன்று துவக்குகளைப் பார்க்க மொன்றியலுக்கு

இரண்டாயிரத்து ஆறு, ஒக்டோபர், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஸ்காபரோவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ரொறன்ரோவில் இருந்து மொன்றியல் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். முதியவர்களுக்கான பஸ் ரிக்கற் எழுபத்தெட்டு டொலர். இவ்வளவு செலவும் ஊர் பார்க்க இல்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நானே போய்த் திருத்தவேண்டி வந்தது.

பொய் இதுதான். இரண்டு கிழமைக்கு முன், துவக்கு அனுமதி கொடுக்கும் கந்தோரில் இருந்தாம், ஒரு தொலைபேசி வந்தது. ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்க, ஒரு பெண் குரல் அதைச் சென்னைத் தமிழில் சொன்னது. மொன்றியலில் இருக்கும் என் மருமகன் அன்ரன் பழைய துவக்குகள், அவள் பாஷையில் துப்பாக்கிகள், சேர்க்கிறாராம். அந்த அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டவர், தன்னைத் தெரிந்த ஆள் என்று என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எப்படிப்பட்டவர், துவக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார்கள்.

"துவக்கோ? எங்கட குடும்பத்திலயோ? அந்தப் பிள்ளை ஒரு ஈயையும் அடிக்கமாட்டுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

துவக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் கதவைத் தட்டித் துவக்கு இருக்கிறதா என்று கேட்ட ஆமி, பொலிஸ், எந்த உடுப்புக்காரனுக்கும் நான் வேறு பதில் சொன்னதில்லை. அந்தப் பதிலால்தான் எங்கள் வீட்டில் சில பேராவது மிஞ்சினார்கள்.

இங்கே அது தலைகீழாகப் போய்விட்டது. அவர்களின் பதிவேட்டில் துவக்கு இருக்கிறது, மாமியாரோ துவக்கே இல்லை என்கிறாள். அப்படியென்றால் இந்த மனிதன் எதையோ மறைக்கிறான் என்று அன்ரனின் கடதாசியை நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரும்பவும் என்னோடு பேசுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் அனுமதி இல்லை, சேர்த்த எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

மகள் ஜெசிந்தா போனில் அழாக்குறையாகச் சொன்னாள். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கலியாணம் கட்டி எட்டு வருடம் துவக்கை மறைத்தவன் வேறு என்னவெல்லாம் மறைத்திருப்பான்? கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று முடிவு.

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு மொன்றியல். மெற்றோவுக்கு இரண்டரை டொலர், இரண்டு ரயில் மாறி பார்க் நிலையம். மேலே அன்ரன் நின்றார். சென்ட் லோரன்டில் விமானப் பாகம் கடையும் தொழிற்சாலையில் வேலை, அன்றைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மாமி, சொல்லாமல் விட்டது என்ர பிழைதான்."

"எதைச் சொல்லேல்லை? ரண்டாவது பெண்சாதியையோ?"

"ஐயோ இல்லை மாமி. துவக்கை."

"பெண்சாதியெண்டா ஒரு பாட்டம் பேசிப்போட்டு விட்டிருப்பன்."

வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகளில் மூன்றாம் மாடிக்குப் போனோம். ஐந்து மணிக்குள் நான் குப்பை வாளியில் சாராயப் போத்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஜெசிந்தா பாத்திரம் கழுவச் சட்டைக் கையை மடித்தபோது, கையில் அடிபட்ட கண்டல் காயம் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. ஒன்றும் அகப்படாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

படுக்கையறை அலுமாரிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டகம். அன்ரன் சாவியை எடுத்தார்.

"பொறும் தம்பி. இனிமேல் அந்தச் சாவி மகளிட்டை இருக்கட்டும். அப்பத்தான் நான் நாளைக்குக் கதைப்பன்."

"அனுமதி இல்லாத ஆளிட்டைச் சாவி குடுக்கச் சட்டம் விடாது மாமி."

"தாலி கட்டினவளிட்டைக் குடுக்கேலாத சாவியோ?"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் கைப்பையில் இருந்து ஒரு சாவியும், தன் படம் போட்ட ஒரு அட்டையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"என்னட்டையும் அனுமதி இருக்கு அம்மா. சோதினை எழுதி எடுத்தனான். உள்ளுக்கை நீளமாக் கிடக்கிறது என்ர. மற்ற ரண்டும்தான் இவற்ற."

நான் சந்தேகப்பட்டது பிழையான ஆளை. அவளைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் அன்ரன் சட்டம் கதைத்திருக்கிறார்.

பெட்டகத்தைத் திறந்தார்கள். மூன்றும் எண்ணெய் மணத்தோடு நின்றன. அன்ரனின் ஒன்று, குழல் வாயால் வெடிமருந்து இடிக்கும் மிகப் பழைய துவக்கு.

"ஆயிரத்து எண்ணூற்றித் தொண்ணூற்றியெட்டுக்கு முந்தி செய்தது மாமி. இதுக்குக் கடதாசி தேவையில்லை."

"அப்ப என்னையும் கடதாசி இல்லாமல் வைச்சிருக்கலாம்."

"நீங்கள் அதுக்குப் பிந்தின சாமான் மாமி. உங்களுக்குக் கட்டாயம் வேணும்."

மற்றது வேட்டைத் துவக்கு, இரட்டைக் குழல். ஜெசிந்தாவுடையது முதலாம் மகாயுத்தத்துச் சிப்பாய் ஒருவன் சுமந்தது. குண்டுகள் வேறு பெட்டியில், வேறு பூட்டில்.

"உனக்கு ஏனடி இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அங்கை நான் துவக்கின்ர வாயை மட்டும்தானே பாத்தனான். ஒருக்காக் கழட்டிப் பாக்கவேணும் போல கிடந்தது."

"கழட்டினா என்ன இருக்கு?"

"வில்லும் ஆணியும்தான் அம்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு இவருக்கு அனுமதி இல்லையெண்டா எனக்கும் கேள்வி வரும். ஒரே வீடெல்லே."

வெள்ளி காலை பத்து பத்துக்கு, ஜெசிந்தா முன்கூட்டியே கொடுத்திருந்த வீட்டு நம்பருக்குப் போன் வந்தது. அதே ஆண் குரல், அதே சென்னைப் பிள்ளை.

"உங்க மருமகன் வீட்டுல துப்பாக்கி இருக்கா பாட்டி?"

வாய் தன்பாட்டில் இல்லை என்று சொல்லப் போனது. அன்ரன் குளிர்பெட்டியோடு சாய்ந்து நின்றார். ஜெசிந்தா என்னையே பார்த்தாள்.

"ஓம். மூண்டு இருக்கு. கண்ணால பாத்தன். பூட்டும் பாத்தன்."

"அப்போ ஏன் முன்னாடி இல்லைன்னீங்க?"

"கேக்கிறது ஆரெண்டு தெரியேல்லை."

"இப்போ தெரியுமா?"

"இப்பவும் தெரியாது பிள்ளை. மகளைத் தெரியும்."

அந்தப் பக்கம் ஆங்கிலம் கொஞ்ச நேரம் ஓடியது.

"உங்க பொண்ணோட பாதுகாப்பைப் பத்தி ஏதாவது கவலை இருக்கான்னு கேக்கறாங்க."

எந்த உடுப்புக்காரனும் என்னிடம் கேட்காத கேள்வி.

"மகளைப் பற்றி இல்லை. மருமகனைப் பற்றித்தான் நேற்றிலிருந்து யோசினை."

"பாட்டி, இதை அப்படியே சொல்லணுமா?"

"வேண்டாம். இல்லையெண்டு மட்டும் சொல்லும்."

அவள் சிரிப்பை விழுங்கியது எனக்குக் கேட்டது. ஆண் குரல் நன்றி சொன்னது. கடதாசி தபாலில் வருமாம்.

ஞாயிறு பதினொரு மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்த எவனும், அதை வைத்திருக்கலாமா என்று என்னைக் கேட்டதில்லை. மொன்றியலில் கேட்டார்கள், ஓம் என்றேன். ஐந்து வருடத்தில் திரும்பவும் புதுப்பிக்க வேண்டுமாம். அப்போது என் மனம் எப்படி இருக்குமோ தெரியாது. அதுவரை அன்ரன் என்னிடம் கொஞ்சம் பயமாகவே இருக்கட்டும்.