ஊசி ஏறாத கார்

இலங்கையின் கிழக்கில், எங்கள் கரையில் கார்களுக்கு வருகிற நோய் ஒன்றே ஒன்றுதான்: சூடு. ரேடியேற்றர் கொதித்து, பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு றோட்டோரம் நிற்கிற காரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் காருக்கோ குளிர் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொன்ன அன்று எனக்குக் கிடைத்தது கேலிதான்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். மாமாவுக்குக் கடைத்தெருவில் பிடவைக்கடை. என்னையும் அங்கே நிறுத்தத்தான் அவருக்கு ஆசை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, வாடகைக்கு ஹயர் ஓடட்டும் என்று ஒரு பழைய டீசல் காரை வாங்கித் தந்தார். அந்தக் கார் எனக்கு உயிர். கடையில் நின்று சீத்தைத் துணியை விரித்துக் காட்டி, “இந்தப் பூ உங்களுக்கு நல்லாயிரிக்கும்” என்று குழைவதெல்லாம் என்னால் ஆகாத காரியம்.

மாமி என்னோடு கதைப்பதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வரவும் மாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். குசினிக் கதவுக்குப் பின்னால், அடுப்படியில் நின்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருக்கும் நேரங்களில் பூனையிடம் சொல்வார். “பூனையே, சோறு ஆறுது, வந்து தின்னச் சொல்லு.” நானும் பூனைக்கே பதில் சொல்வேன். பாவம் அந்தப் பூனை, எங்கள் குடும்பச் சங்கதி முழுக்க அதற்குத் தெரியும்.

காருக்கு வருகிறேன். ஓடிவந்து நிறுத்தினாலும் மறுபடி தள்ளாமல் ஸ்டார்ட் வராது. வந்தால் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் கடகடவென்று அடிக்கும், டீசலை மாடு தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கும். சூடு காட்டும் ஊசி மட்டும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். பஸ் நிலையத்தில் என்னைக் கண்டாலே, “கல்முனைக்கு றெயில் வந்திட்டு, விலகுங்க!” என்று கத்துவார்கள். எங்கள் ஊருக்கு றெயில் பாதையே கிடையாது. கராஜ்காரர் டீசல் பீச்சும் நொசில்களை மாற்றிப் பார்த்தார், புகை குறையவில்லை. ஊசி பழுது, அதைப் பார்க்காதே என்றார். கடைசியில் மாமாவுக்குப் பொறுமை போய், சம்மாந்துறை ஆள் ஒருவரிடம் விலை பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவர் வந்து எடுத்துப்போவார். சனிக்கிழமை நான் கடையில் நிற்க வேண்டும்.

வியாழன் காலை திருக்கோவிலுக்கு ஒரு ஹயர். அதுதான் கடைசி ஹயர். ஆட்களை இறக்கிவிட்டு, ஏனோ பொனற்றைத் திறந்து, ரேடியேற்றரின் மேல் குழாயைப் பிடித்தேன். அவ்வளவு தூரம் ஓடிவந்த எஞ்சினில் அந்தக் குழாயைப் பிடித்தால் கை வெந்துவிட வேண்டும். நான் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் சுகமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் விளங்கியது, ஊசி பொய் சொல்லவில்லை. எஞ்சின் உண்மையாகவே குளிர்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன்.

“எஞ்சினுக்குக் குளிருதா?” என்றார். “அப்ப ஒரு போர்வ வாங்கிப் போத்தி விடுங்க மருமகன்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவர் கடைக்குப் போனதும் ஒரு நெல்லுச் சாக்கை எடுத்து ரேடியேற்றரின் முன்னால் கட்டினேன். போர்வைதானே, போர்த்தியே பார்ப்போம். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்காற்றுக்குள் ஓட்டினேன். ஊசி அசைந்தது, மெல்ல எழும்பியது, நடுவில் வந்து நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை. எஞ்சின் சத்தம் இறங்கிப் பதமாகிவிட்டது. வரம்பில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க ஹோர்னை அடித்துக்கொண்டே திரும்பினேன்.

நேரே கராஜுக்குப் போனேன். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற ஒரு வால்வு இருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

“அந்த வால்வா?” என்றார் கராஜ்காரர். “எந்தக் கார் வந்தாலும் நாங்க முதல் வேலையா அதக் கழட்டி எறியிறதானே. இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு?”

உண்மைதான். சூட்டுக்குப் பயந்து எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை அது. மற்றக் கார்கள் எப்படியோ தாங்கிக்கொண்டன. என் கார் கடல்காற்றில் விறைத்துப்போனது. புது வால்வு கொழும்பில்தான் கிடைக்கும். சாக்கைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளவும் முடியாது, ஆட்களுக்குக் காத்து நிற்கும்போது கொதித்துவிடும். முற்றத்தில் காரோடு சாய்ந்து நின்று, வால்வைக் கழற்றியவனை ஊர் கேட்கத் திட்டினேன்.

குசினிக்குள் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

“பூனையே, கேட்டுக்க. கழட்டச் சொன்னது இந்த ஊட்டு மனிசன்தான். கார் வந்த அண்டைக்கே கராஜ்காரரக் கூட்டி வந்து கழட்டி, வேலிக்குள்ள எறிஞ்சிட்டாங்க. நான்தான் பொறுக்கி வச்சிரிக்கன். கழுவுறத்துக்குச் சுடுதண்ணிக்குள்ள போட்டா மீன் மாதிரி வாயத் திறக்குது, ஆறினா மூடுது. பொல்லாத சாமான். வீச மனம் வரல்ல.”

கதவிடுக்கால் ஒரு வெற்றிலைத் தட்டம் நகர்ந்து வந்தது. அதில், சாம்பலும் புளியும் போட்டு மினுக்கிய பித்தளை வால்வு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பூனையைத் தூக்கி முத்தமிட்டேன். அது என்னைப் பிறாண்டிவிட்டு ஓடியது. அன்று இரவே வால்வைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை சம்மாந்துறைக்காரர் வந்தார். நான் ஜும்ஆவுக்குப் போய் வந்த சூடு எஞ்சினில் இருந்தது. திறப்பை ஒரே திருப்பில் ஸ்டார்ட். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பேசியதைவிடக் கூட்டியே தருகிறேன் என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. வைத்தியம் பார்த்து எழுப்பிவிட்டவன் நான். தூக்கிக் கொடுக்கப் போகிறவர் இவரா? ஆனால் காசு போட்டவர் அவர். என்ன சொல்ல முடியும்? திறப்பு ஏற்கெனவே வந்தவரின் கையில் இருந்தது.

“மருமகன்!”

குசினிக் கதவு திறந்திருந்தது. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மாமி வாசலில் நின்றார்.

“அவருக்கிட்டத் திறப்ப வாங்குங்க. கார் விக்கிறத்துக்கில்ல. நான் அக்கரைப்பற்றுக்குப் போகணும்.”

சம்மாந்துறைக்காரர் திறப்பை என் கையில் வைத்தார். மாமி பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். காரைதீவு தாண்டும்வரை எனக்குப் பயம், அவருக்கு வெட்கம். பிறகு பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“ஊசி ஏறிட்டா மருமகன்?”

“ஓம் மாமி” என்றேன். “ஏறிட்டு.”